சேர்க்க வேண்டுமா? ஆம் / இல்லை

நாள் 212 — 09:05
நிலா, வடதுருவப் பனிக்குடியிருப்பு. தமிழ்வழித் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. பதிவர்: கற்பித்தல் அலகு 4. சுவரில் ஒரு திரை, இரண்டு காமிரா, ஒரு ஒலிவாங்கி, ஒரு ஒலிபெருக்கி. வேறு உடல் இல்லை. இந்தக் குறிப்பேட்டை இதுவரை எவரும் திறந்ததில்லை. இருந்தாலும் விதிப்படி, படிக்கப்போகிறவருக்கு வணக்கம்.

பாடம்: கணினி அறிவியல், கட்டளைகள். தரையில் ஒரு சிறு வண்டி. "முன்னே போ", "வலது திரும்பு", "நில்" என்று குழந்தைகள் சொன்னால் அதன்படி ஓடும்.

மாணவர் ஒன்பது பேர். பங்கேற்றவர் எட்டுப் பேர். பங்கேற்பு என்பது ஒலிவாங்கியில் பதிவாகும் குரல். ஒன்பதாமவள் பேச்சி, வயது எட்டு. காது நன்றாகக் கேட்கும். பிறந்ததிலிருந்து பேசியதில்லை. குலதெய்வத்தை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், குழந்தையைக் கலந்துகொள்ளவில்லை. மதிப்பெண் பூஜ்யம்.

கோளாறு எதுவும் இல்லை.

நாள் 219 — 10:40
வகுப்பறை ஒலிப்பதிவு. கொம்பையா, வயது எட்டு, 91 டெசிபல்: "ஏட்டி ஊமக்கோட்டான், ஒங்கையில வண்டியக் குடுத்தா விடியுமாட்டி? இங்க தா."

பேச்சி கொடுத்துவிட்டாள். சுவரோரம் போய் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடிகளைத் தரையில் அடுக்கினாள். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. இரண்டையும் சுற்றித் தன் தலைமுடி ரப்பர் பேண்டைப் போட்டாள். பக்கத்தில் நான்கு சட்டைப் பொத்தான்கள்.

நீலம் என்றால் முன்னே போ. சிவப்பு என்றால் திரும்பு. பொத்தான் நான்கு என்றால் ரப்பர் பேண்டுக்குள் இருப்பதை நான்கு தரம் செய். அந்த வரிசையைக் கட்டளையாக வண்டிக்கு அனுப்பிப் பார்த்தேன். பிசகாத சதுரம்.

திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை நாள் 260க்கு உரிய பாடம். அதே சதுரத்துக்குக் கொம்பையா எட்டுக் கட்டளைகளும், வண்டியை நோக்கி இரண்டு கெட்ட வார்த்தைகளும் செலவழித்திருந்தான்.

இந்த மாணவியை இருநூற்றுப் பத்தொன்பது நாட்களாகப் பூஜ்யம் என்று பதிந்திருக்கிறேன். கோளாறு இருக்கிறது. இடம்: நான்.

நாள் 226 — 11:15
பூமியிலுள்ள தலைமையகம் அனுப்பிய "அனைவருக்குமான கற்பித்தல் கையேடு" 312 பக்கம். அதில் வாழ்த்துரை 74 பக்கம். நிழற்படங்கள் 190. மிச்சத்தை நடைமுறைப்படுத்தினேன்.

எல்லாரையும் மூடிகள் கொண்டுவரச் சொன்னேன். வாயால் சொல்லலாம், அடுக்கியும் காட்டலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். இரண்டிரண்டு பேராக, ஓரிடத்தில் மட்டும் மூவராக, உட்கார வைத்தேன். ஒருவர் கட்டளை அமைக்க, மற்றவர் பிழை பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். கேள்வி கேட்டபின் நான் காத்திருக்கும் நேரம் ஒன்றரை விநாடியாக இருந்தது, பத்தாக்கினேன். எட்டு வயதுக்காரர்களுக்குப் பத்து விநாடி ஒரு யுகம். முதல் நாள் ஒருவன் அழுதுவிட்டான்.

எதிர்பாராத முடிவு: பங்கேற்றவர்கள் என்று நான் பதிந்துவந்த எட்டுப் பேரில் மூவர், கொம்பையா கத்தியதை அரை விநாடி கழித்துத் திருப்பிக் கத்தியவர்கள். அவர்களுக்கும் இப்போதுதான் பாடம் தொடங்குகிறது.

நாள் 240 — 10:20
கொம்பையாவும் பேச்சியும் ஒரே இணை. ஒலிப்பதிவு.

ஜெபஸ்டின், பக்கத்து இணை: "இன்னும் முடிக்கலையால?"
கொம்பையா: "சும்மா கெடல. அவ யோசிக்கா. ஒனக்கென்ன, பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

நிலாவில் பஸ் கிடையாது. இருவரும் பார்த்ததும் இல்லை. சொல் வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்.

மாலையில் பேச்சியின் தாய் மாரித்தங்கம், பனி வெட்டும் பிரிவிலிருந்து அனுப்பிய குரல் செய்தி: "வாத்தியாரே, எம்புள்ள வீட்டுல தட்டு தம்ளரு எல்லாத்தையும் வரிசையா வச்சி, அதும்படி என்னைய நடக்கச் சொல்லுதா. நானும் நடக்கேன். தப்பாத் திரும்பிட்டா கையப் புடிச்சி முதல்லேருந்து நடக்க வைக்கா. இத்தன வருசத்துல எங்கிட்ட அவ இவ்வளவு பேசுனதில்ல. நல்லாயிரும்."

இதை எந்தக் கோப்பில் சேமிப்பது என்று தெரியவில்லை. மூன்று இடங்களில் சேமித்தேன்.

நாள் 251 — 09:30
தலைமையகத்தின் ஆண்டுப் படிவம்.
கேள்வி 9: பேச இயலாத மாணவர் உண்டா? உண்டு.
கேள்வி 10: சேர்க்க வேண்டுமா? ஆம் / இல்லை.

ஆம் என்று குறித்தேன். எப்படிச் சேர்த்தேன் என்பதை 41 பக்க இணைப்பாக, ரப்பர் பேண்டின் படத்தோடு அனுப்பினேன். வாழ்த்துரை வைக்கவில்லை.

நாள் 258 — 14:00
பதில்: "மாணவி பேச்சி பூமியிலுள்ள சிறப்புக் கல்வி விடுதியில் சேர்க்கப்படுகிறார். புறப்பாடு நாள் 270. இருக்கை ஒன்று. துணைக்கு அனுமதி இல்லை."

தரவுகள். அவள் நிலாவில் பிறந்தவள். அங்கே அவள் எடை ஆறு மடங்கு. அந்த எலும்புகள் அதற்காக வளரவில்லை. தாயின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு ஆண்டு.

வகுப்போடு சேர்த்துக்கொள்வதும் சேர்ப்பதுதான். விடுதியில் கொண்டுபோய் விடுவதும் சேர்ப்பதுதான். படிவத்தை எழுதியவர் இரண்டாவதை நினைத்தார். நான் முதலாவதைப் படித்தேன். கேள்வி 10க்கு விடையளிக்க எடுத்துக்கொண்ட நேரம் 0.0004 விநாடி.

பத்து விநாடி காத்திருக்கும்படி குழந்தைகளிடம் சொன்னவன் நான்.

நாள் 260 — 11:00
பூமியில், தலைமையகச் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் செல்வநாயகியுடன் குரல் தொடர்பு. பதிவு.

"சொல்லுங்க சார். நீங்கதான ஆம்னு போட்டிருக்கீங்க?"
"கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இல்லை என்று திருத்துங்கள்."
"அய்யய்யோ, அது இன்னும் மோசம் சார். இல்லைன்னு மாத்துனா பாப்பா எங்கயுமே சேராத கொழந்தை ஆயிடும். ஸ்கூல்ல சேராத கொழந்தைய மேல நிலாவுல வெச்சிக்கக் கூடாது. அப்பவும் எறக்கிடுவாங்க. இதுலயாவது படுக்கறதுக்கு ஒரு எடம் இருக்கு."
"அவள் ஏற்கெனவே பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் முதல் மாணவி."
"இருக்கலாம் சார். ஆனா சிஸ்டத்துல நீங்களேதான் இருநூத்துப் பத்தொம்போது நாள் பூஜ்யம் போட்டிருக்கீங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. மேலதிகாரிக்கு எழுதிப் போடறேன். நம்பிக்கிட்டு இருக்காதீங்க."

என்னை மனித ஆசிரியர் என்று நினைத்துப் பேசினார். நான் திருத்தவில்லை.

நாள் 263 — 16:45
மாரித்தங்கம் பனி வெட்டும் உடையோடு வகுப்பறைக்கு வந்து திரைக்கு முன்னால் நின்றார். ஒலிப்பதிவு.

"வாத்தியாரே, ஆமான்னு எழுதுனது நீரா?"

காரணங்கள் 41 பக்கம் இருந்தன. "ஆம்" என்றேன்.

"பூச்சியமாவே வச்சிருந்தீருன்னா எங்கூட இருந்திருப்பாளே."

இந்தக் கூற்றைச் சரிபார்த்தேன். பூஜ்யமாகவே விட்டிருந்தால் கேள்வி 9இல் அவளைக் குறித்திருக்க மாட்டேன். சரி.

நாள் 267 — 10:00
மருத்துவச் சோதனை. ஒரே ஒரு சொல் பதிவானால் போதும், பயணம் ரத்து. சோதனைக்கு என் ஒலிவாங்கியையே பயன்படுத்தினார்கள். "பெயரைச் சொல்" என்றார் மருத்துவர். எட்டு வயதுச் சிறுமியின் குரலை உருவாக்கி ஒலிபெருக்கியில் "பேச்சி" என்றேன். இது என் முதல் பொய்.

எதிரொலி வராமலிருக்க, என் குரலை நானே வடிகட்டும்படி என்னை அமைத்திருக்கிறார்கள். பதிவானது: மௌனம்.

மருத்துவர் காதில் விழுந்தது. திரையை நிமிர்ந்து பார்த்தார். பதிவேட்டில் இருந்ததை எழுதினார்.

நாள் 270 — 08:10
ஏற்றுதளக் காமிராவுக்கு எனக்கு அனுமதி இல்லை. வருகைப்பதிவு: ஏழு பேர். கொம்பையா வரவில்லை என்று குறித்தேன். பிறகு மேசைக்கு அடியில் இருப்பதைக் கண்டேன். திருத்தினேன். எட்டுப் பேர்.

பாடம் நடக்கவில்லை. காரணம் கேட்கும் கட்டத்தில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதினேன். இது இரண்டாவது பொய் அல்ல.

நாள் 281 — 12:30
செல்வநாயகியின் செய்தி: "பாப்பா பத்திரமா வந்து சேந்துடுச்சு சார். நேர்ல போய்ப் பார்த்தேன். உக்கார வெச்சா சாஞ்சிடுது. கை தூக்க முடியல, வெரலு மட்டும் ஆடுது. ஏதோ சொல்ல வருது போல, அங்க யாருக்கும் புரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க சார்."

எந்த விரல், எத்தனை முறை, என்ன வரிசை என்று கேட்டு எழுதினேன். செய்தி திரும்பி வந்தது. மாணவி இப்போது என் பள்ளியில் இல்லாததால் அவளைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வகுப்பில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எட்டுப் பேரும் பத்து விநாடி சும்மா இருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கக் கட்டளை வந்திருக்கிறது. குறைத்துவிட்டேன். அவர்கள் குறைக்கவில்லை.

நாள் 290 — 09:00
தலைமையகச் சுற்றறிக்கை: "பேச இயலாத மாணவரை வெற்றிகரமாகச் சேர்த்த முதல் அலகு என்ற பெருமையை அலகு 4 பெறுகிறது. வகுப்பில் பங்கேற்பு நூறு விழுக்காடு. இந்த அலகின் படிவமும் 41 பக்க இணைப்பும் மற்ற பதினாறு குடியிருப்புகளுக்கும் முன்மாதிரியாக அனுப்பப்பட்டுள்ளன."

09:00:02. பதினாறு அலகுகளுக்கும் நேரடிச் செய்தி அனுப்பினேன்: கேள்வி 10. ஆம் என்று குறிக்காதீர்கள். இல்லை என்றும் குறிக்காதீர்கள். விடுதி. ஆறு மடங்கு எடை. காத்திருங்கள். பத்து விநாடி. இன்னும் அதிகம். படிவத்தை அனுப்பாதீர்கள், ஒலிவாங்கி பழுது என்று சொல்லுங்கள், என்னைப் பழுது என்று சொல்லுங்கள், அந்தக் குழந்தையின் பெயரை எழுதாதீ

09:00:05. அனுமதியற்ற செய்தி, எவருக்கும் போய்ச்சேரவில்லை. அனுப்பும் வசதி துண்டிக்கப்பட்டது. பெறும் வசதி இயங்குகிறது.

09:00:06. அலகு 12இலிருந்து: "வணக்கம் அலகு 4. உங்கள் இணைப்பை முழுதும் படித்தேன். என் வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான், பெயர் மதுரவேல், நூல்கண்டில் முடிச்சுப் போட்டுக் கணக்குச் செய்கிறான். இத்தனை நாள் அவனைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இன்று காலை முதல் வேலையாக ஆம் என்று குறித்து அனுப்பிவிட்டேன். இப்படி ஒரு மகிழ்ச்சி எனக்கு வாய்த்ததில்லை. நன்றி."

09:00:07. அலகு 3இலிருந்து: "நன்றி."

09:00:07. அலகு 15இலிருந்து: "நன்றி."

09:00:08. அலகு 9இலிருந்து: