நீலக்கையனை எங்கிருந்து படிப்பது

நெய்வேலி
18-6-1967

மேல்பட்டாம்பாக்கத்தில் அக்காள் வீட்டில் விருந்தாடிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு, செல்லக்கிளி எழுதிக்கொள்வது. நான் நலம். ஆடு நலம். கூரைதான் நலமில்லை, அடுப்புப் பக்கம் ஒழுகுகிறது. உங்கள் நலத்தை உங்கள் அக்காள் பார்த்துக்கொள்வார்கள்.

பயப்பட வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அதை லாரி காண்டிராக்டர் கேட்டுவிட்டார், பால்காரர் கேட்டுவிட்டார். நானும் கேட்டால் கும்பலாகிவிடும். நான் கேட்பது வேறு.

உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்கு அடியில் நீலக்கையன் படக்கதைகள். வடலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் மற்ற முகமூடிக்காரர்களை எல்லாம் கயிற்றில் தொங்கவிட்டு, ஒருத்தனை மட்டும் பழைய பேப்பரோடு போட்டு வைத்திருப்பார்களே, அவன்தான். நானும் ஐந்தாம் வகுப்பு வரை போனவள்தானே, எழுத்துக் கூட்டிப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு தாளில் பாலத்தில் தொங்குகிறான். இன்னொரு தாளில் கோர்ட்டில் நிற்கிறான். நடுவில் யார் தூக்கிவிட்டது? தாள்கள் சிதறிப்போகுமே என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சாக்கு ஊசியால் தைத்து ஒரே புத்தகமாக்கிவிட்டேன்.

கேன்டீனில் என்னோடு மாவாட்டுகிற கனகம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, இதெல்லாம் நடுத்துண்டு! உங்க வூட்டுக்காரரும் குழந்தைவேலு அண்ணனும் ஜெயராமன் அண்ணனும் ஒரு பொஸ்தகத்த மூணாக் கிழிச்சி, ஷிப்டுக்கு ஒரு துண்டாப் படிச்சிக்கினு இருந்தாங்களே, உனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியவில்லை. ஆக, தலையெல்லாம் குழந்தைவேல் அண்ணன் வீட்டில். வாலெல்லாம் ஜெயராமன் குவார்ட்டர்ஸில். நம் வீட்டில் வயிறு மட்டும்.

இவன் யார்? எதற்கு ஒரு கையில் மட்டும் உறை? பலசாலி என்கிறார்கள், பிறகு எதற்கு எந்நேரமும் அழுமூஞ்சி? எங்கிருந்து தொடங்கினால் புரியும்? அதை மட்டும் எழுதினால் போதும்.

ஒழுகுகிற கூரைக்குக் கீழே நனையாத மூலையில் இருக்கும்,
செல்லக்கிளி


மேல்பட்டாம்பாக்கம்
24-6-1967

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

கடிதம் கிடைத்தது. கூரைக்குத் தோப்புக்கார அய்யாசாமியிடம் கீற்று கேள், தருவார்.

நீலக்கையன் ரயில் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கியவன். ஒரு வெள்ளத்தில் கூட்டாளியைப் பிடித்திருந்த கை நழுவிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கையில் உறை. யார் கூப்பிட்டாலும் வருவான், அந்தக் கையை மட்டும் நீட்டமாட்டான். அதனால்தான் அவன் புத்தகம் விற்பதில்லை.

முதலிலிருந்து படிக்காதே. முதல் மூன்று புத்தகமும் வெறும் அடிதடி. கோர்ட்டில் நிற்கிறானே, அது நான்காவது. அங்கே தொடங்கு. உன்மேல் குற்றமில்லை என்று நீதிபதி அனுப்பிவிடுவார். அவன் வீட்டுக்குப் போகாமல் வேறு ஊருக்கு நடந்துபோவான். அதுதான் அவன் கதை. அதற்கு முந்தியது தெரிய வேண்டியதில்லை.

தலைத்துண்டுகளுக்காகக் குழந்தைவேல் வீட்டுக்குப் போகாதே.

கொளஞ்சியப்பன்


நெய்வேலி
2-7-1967

வேறு ஊருக்கு நடந்துபோனவருக்கு,

கீற்று கிடைத்தது, கூரை மேய்ந்தாயிற்று. போகாதே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வருமுன்னே போய்விட்டேன் என்று பொய் சொல்லலாம். படித்துவிட்டுத்தான் போனேன்.

வடலூரிலிருந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்ததிலிருந்து, அந்த வாசலை நம் வீட்டார் யாரும் மிதிக்கவில்லை. மழையில் எருமை குறுக்கே வந்தது என்று போலீசே எழுதிக்கொண்டது, உங்கள் மேல் கேஸும் இல்லை. ஆனாலும் அவருக்கு வலது முட்டிக்குக் கீழே கால் இல்லை. உங்களுக்கு ஊரே இல்லை.

வீராயி கதவைத் திறந்தாள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும். அவள் புருஷன் கால் அது. அண்ணன் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"யாரு, தங்கச்சியா? ஓடிப்போனவன் அனுப்பினானா?"

"அவரு போவாதன்னாரு அண்ணே. அதான் வந்தேன்."

"நடுத்துண்டு கொண்டாந்தியா? பாலத்துல ஏறுனவன் இன்னா ஆனான்னு தெரியாம கெடக்கறேன்."

"தொங்கறான் அண்ணே."

"தொங்கறானா? சரி, நல்லா தொங்கட்டும்." என் தையலைப் புரட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, நீலக்கையனுக்கு ஆபரேஷன் பண்ணி வச்சிருக்க!"

எங்கே தொடங்குவது என்று அவரையும் கேட்டேன். உங்கள் தீர்ப்பைச் சொன்னேன்.

"நாலாவதா? அப்பிடித்தான் சொல்லுவான். நீ மொதல்லேருந்து படிம்மா. மொத மூணுல அந்தக் கூட்டாளியும் இவனும் அடிக்கற கூத்தப் படிக்கணும். இவன் எத்தினி தபா அவனத் தூக்கிவுட்டான்னு பாக்கணும். அதெல்லாம் வுட்டுட்டு கை நழுவுனத மட்டும் படிச்சா, இவன் வெறும் அழுமூஞ்சிதான்."

முதல் புத்தகத்தை, வால் இல்லாமலே, அவரே வாசித்துக் காட்டினார். வில்லனுக்கு வீராயி மாதிரியே குரல் போட்டார். கடைசியில் வீராயி காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றா என்று கேட்காமல் குடித்துவிட்டேன்.

இரண்டாவது புத்தகத்தில் இருக்கும்,
செல்லக்கிளி


மேல்பட்டாம்பாக்கம்
9-7-1967

செல்லக்கிளிக்கு,

குழந்தைவேல் அப்படித்தான் சொல்வான். அதனால்தான் என்னால் வர முடியாது. அவன் திட்டினால் வந்துவிடுவேன்.

இங்கே நெல்லிக்குப்பத்தில் மூட்டை எடை போடும் வேலை கிடைத்திருக்கிறது. இனி ஸ்டியரிங் பிடிப்பதாக இல்லை. இங்கேயே இருந்துவிடலாம். ஆட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு நீயும் புறப்பட்டு வா. வரப் பிடிக்காவிட்டால் கட்டாயமில்லை. புத்தகங்களை அவனிடமே விட்டுவிடு.

கொளஞ்சியப்பன்


நெய்வேலி
16-7-1967

மூட்டை எடை போடுகிறவருக்கு,

ஆட்டையும் கொடுக்கமாட்டேன், நானும் வரமாட்டேன். கட்டாயமில்லை என்று எழுதியதற்கு நன்றி. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை எழுத்துக் கூட்டினேன், தவறாகப் படித்துவிட்டேனோ என்று.

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். உங்களுக்குக் கோபம் வரட்டும். "திட்டுனா வருவானாமா?" என்று கேட்டார். "திட்டலாம்னுதான் பாக்கறேன், வாய் வர மாட்டேங்குது."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வீராயி நிமிர்ந்தாள். அந்த வீட்டில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "எனக்கு வரும். அந்த ஆளு எங்க இருக்காருன்னு மட்டும் காட்டு. வவுறு நெறைய திட்டறேன்."

ஆகவே வருகிற சனிக்கிழமை காலை அண்ணனும் வீராயியும் பஸ் ஏறி உங்களிடம் வருகிறார்கள். ஜெயராமன் ஒர்க்‌ஷாப்பில் கட்டை செய்து கொடுத்திருக்கிறார், கக்கத்தில் வைத்து நடக்க. தெருமுனை வரை அண்ணன் போய்வருகிறார். பஸ் படி இன்னும் பழகவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்:

"என்னக் கண்டதும் ஓடப்போறான். தொரத்த எனக்கு ஒரு காலுதான் இருக்கு. நின்னு பேசச் சொல்லு."

செல்லக்கிளி


மேல்பட்டாம்பாக்கம்
19-7-1967

செல்லக்கிளி,

அவனைப் பஸ் ஏற விடாதே. வடலூரில் வண்டி மாற வேண்டும், அங்கே கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வருகிறேன். நேராக அவன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் நம் வீட்டுக்கு. வீராயி பேசி முடிக்க நேரமாகும். எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு நீ படுத்துக்கொள்.

கொளஞ்சியப்பன்