விமானத்தில் ஓர் உபசாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐதராபாத்தில் நான் நல்ல சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? முடிச்சூரில் மழை உண்டா?

நேற்று முதன்முறையாக விமானத்தில் நானே தனியாக உணவு விற்றேன், அம்மா. சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. சென்னைக்கு ஒரு மணி நேரப் பயணம். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். பொத்தேரிக்குப் போகும் வயதான அம்மா ஒருவர் விலையே கேட்கவில்லை.

"இப்பதாம்மா சாப்ட்டு வந்தேன்" என்றார்.

நம் வீட்டுப் பழக்கத்தில், "பரவால்ல, கொஞ்சமாவது சாப்பிடுங்க" என்று உப்புமாவைக் கையில் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து என்னை வாழ்த்தினார். அப்புறம்தான் இருநூறு ரூபாய் என்றேன்.

"துட்டா? நீதானம்மா சாப்டச் சொன்ன?"

"அவங்க கேக்கறது கரெக்ட்தானே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். மூன்று வரிசையும் அந்த அம்மாவின் கட்சி. சிரித்துக்கொண்டே நானே பணத்தைக் கட்டிவிட்டேன். இறங்கும்போது அவர் என் கன்னத்தைத் தொட்டு, "நீ எதனா சாப்ட்டியா?" என்றார்.

அரை மணியில் அதே விமானம் திரும்பியதால் வீட்டுக்கு வர முடியவில்லை. இங்கே வரும்போது பென்னி அண்ணனிடம் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்பு. டியூட்டி வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும் அம்மா: போனில் நான் சாப்பிட்டுவிட்டேன் என்றால் உடனே விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள்.

உன் ஜாஸ்மின்