இந்த முறை சத்தம் போடுவேன்

தொண்டாமுத்தூர்
16.11.1997

அன்பு மாமாவுக்கு,

ரங்கநாயகி எழுதிக்கொள்வது. நானும் வயிற்றில் இருக்கும் உங்கள் பிள்ளையும் சுகம். அசாமில் குளிர் கடுமையாமே? ஏர்போர்ஸில் கொடுத்த கம்பளியோடு நான் பின்னியதையும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

இங்கே மத்தியானமானால் மலையிலிருந்து மேகம் இறங்கித் தென்னந்தோப்புக்குள் நடமாடுகிறது. சோறு தின்ற மயக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது. நேற்று அந்த மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆனைக்குட்டி வந்து ஈரத் தும்பிக்கையால் என் வயிற்றைத் தடவியது. கண்ணைத் திறந்தால் அம்மாவின் ஈரக் கை! சிரிப்பாக வந்தது.

போன வாரம் கோயமுத்தூர் டாக்டரம்மா பஞ்சுக்குச்சியால் துடைத்து ஒரு டெஸ்ட் எடுத்தார். ரிசல்ட் வந்துவிட்டது. என் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறதாம். எனக்கு அதனால் ஒன்றும் இல்லை. பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றினால்தான் காய்ச்சல் வருமாம். நம் மகனுக்கு இரண்டாம் நாள் வந்து அவனைக் கொண்டுபோனதே, அதுபோல. பயப்படாதீர்கள். வலியெடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ உடனே ஓடினால் ஊசி போடுவார்கள். நேரமானால் கிருமி பிள்ளையிடம் ஏறிவிடுமாம். பிறப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே மருந்து ஏறிவிட வேண்டும்.

மாமா, உங்களிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. போன முறை காலையிலேயே எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. “வலி வந்தா வெளிய சொல்லாத கண்ணு, நாலு பேருக்குத் தெரிஞ்சா பிரசவம் இழுத்துக்கும்” என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் சொன்னது ஊராரை மனதில் வைத்து. நான் பைத்தியக்காரி, அவளிடமே சொல்லவில்லை. ஈரச் சேலையோடு விளக்கு வைக்கும்வரை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

“நாந்தான் கொன்னுபோட்டேனுங்களா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அன்னிக்கு இதை யாரும் உனக்குப் பார்த்துச் சொல்லல. இன்னிக்குத் தெரியும். வாயத் தொறம்மா, போதும்” என்றார்.

அம்மாவிடமும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் விடிந்ததும் வீடு வீடாகப் போய், “ஏனுங்க, எம்புள்ள சத்தம் போட்டா உடனே வந்துருங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருக்கோடி அங்கப்பன் அண்ணன் தன் அம்பாசிடர் காரை நம் வாசலிலேயே நிறுத்துகிறார். எதிர்வீட்டுச் சென்னியம்மாள், “ஒருக்காக் கத்திக் காட்டு அம்மணி, கேக்குதான்னு பாக்கலாம்” என்றாள். கத்தினேன். தோப்பிலிருந்த மயில்களெல்லாம் பறந்துவிட்டன.

நான் உண்டானதை நீங்கள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நம் மகனைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. போதும் மாமா. கூட இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறக்கப்போகிறது என்று சொல்லுங்கள். எத்தனையாவது என்று யாராவது கேட்டால், இரண்டாவது என்று சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ரங்கநாயகி