படத்துக்கு முன்னால் எரியும் லைட்

அக்டோபர் 3
வேன் இன்றைக்கும் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து நாலு பேர் வந்து தள்ளினார்கள். பிள்ளைத்தாச்சி மகள் ஷாமிளாவுக்கு எட்டு மாதம் முடிகிறது. இந்த மேல் டிவிசனுக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. வலி வந்தால் இந்த வேன்தான்.

அக்டோபர் 6
ஆடி மாதத்திலிருந்து எடுத்த நாள், எடுக்காத நாள் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஓடிய நாளுக்கு மறுநாள் எடுக்கிறது. மழைக்கு ஹயர் ஓட்டம் இல்லாமல் ரெண்டு நாள் நின்றால் எடுப்பதில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். “நீ எப்ப புள்ள வேன் திருத்துற பாஸானே?” என்று சிரித்தார்.

அக்டோபர் 9
தெஹியோவிட்டையிலிருந்து ஹில்மி பாஸ் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். ஸ்டார்ட்டர் சரி, பெட்டரி சரி, சார்ஜும் ஏறுகிறதாம்.
“நிக்கிற நேரம் என்னமோ கரண்ட இழுக்குது அக்கா. எல்லாத்தையும் ஓஃப் பண்ணித்தானே வைக்கிறீங்க?”
ஆமா என்றேன். அவர் வேனுக்குள் இருக்கும் முருகன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 10
ஏன் அப்படிப் பார்த்தார்?

அக்டோபர் 12
எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பெட்டரி வயரைக் கழற்றினேன். படத்துக்கு முன்னால் இருந்த லைட் அணைந்தது.
முருகா. உடனே திரும்ப மாட்டினேன். பொறி பறந்தது.
சாமிக்கு வைத்ததை நான் லைட் என்று எண்ணவே இல்லையே. முதல் ஆடி வெள்ளிக்கு ஏற்றினேன் — பிள்ளை கைக்கு வரும் வரைக்கும் அணையாது என்று வாக்குக் கொடுத்து. கொப்பியைப் பார்த்தேன். வேன் முதல் தடவை எடுக்காமல் போனது அதற்கு நாலாம் நாள்.
போன தரம் ஷாமிளா வயித்துப் பிள்ளை இந்த வேனுக்குள்ளேயேதான் போச்சு, ஆஸ்பத்திரி போய்ச் சேர முந்தி. அதனாலதானே வேன்ல வச்சேன். எரிஞ்சா வேன் எடுக்காது. அணைச்சா வாக்கு போச்சு. நான் என்ன செய்ய?

அக்டோபர் 14
இன்றைக்கும் லைட்டை அணைக்கவில்லை.

அக்டோபர் 17
ஹில்மியைக் கூப்பிட்டேன். சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி வயரை மாற்றச் சொன்னேன்.
“எனக்கு அண்டைக்கே விளங்கிச்சு அக்கா. ஒங்கட சாமி விஷயம், நான் எப்பிடிச் சொல்ற?”
அவர் வயரை வெட்டும்போது நான் குசினிக்குள் அடுப்புப் பக்கம் நின்றேன். ஷாமிளாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 28
மூன்று நாள் மழை. வேன் அசையவே இல்லை. காலை ஏழு மணிக்கு வலி. அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. அவிசாவளை ஆஸ்பத்திரி வரைக்கும் ஷாமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

நவம்பர் 12
தீட்டுக் கழித்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஷாமிளா சொல்கிறாள்: “அம்மா வச்ச லைட் ஒரு நாள்கூட அணையல.”
நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனேன்.