பின்சுவர் ஓதம்

ஜூலை 4
அது ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆற்றுப்பாலம் இடிந்து லாரி தண்ணீருக்குள் விழுந்த வருஷம். அதே வருஷம்தான் நூல் ஆலையில் மூன்றாம் ஷிப்டு தொடங்கினார்கள், மகள் பிறந்தாள், நாங்கள் ஆலைக்குப் பின்னால் இந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம். எழுத்து தெரியாதவனுக்கு வருஷம் இப்படித்தான் நினைவில் நிற்கும். இப்போதும் நான் எழுதவில்லை. பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி மகள் செய்து கொடுத்திருக்கிறாள். அவள் அம்மாவின் இருமல் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று தினமும் சொல்லிவைக்கச் சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸ்.

"தனியா யாருகிட்ட பேசுறீங்க? மூளை கலங்கிப்போச்சா?" என்றாள் என் பெண்டாட்டி.

"உன்னப் பத்தித்தான் கோள் சொல்லிட்டிருக்கேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜூலை 7
மழை. இருமல்.

ஜூலை 9
நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். பின்சுவரில் கை வைத்தாள், உள்ளங்கை நனைந்தது. பாயைத் திருப்பினாள். அடிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை.

"மருந்து மட்டும் குடுத்து என்ன பிரயோஜனம்? சுவர்ல இவ்ளோ ஓதம். மேல ஒரு காத்துத்துளை இருந்த தடம் தெரியுதே, ஏன் அடைச்சீங்க?"

ஆலை ஓடின காலத்தில் அந்தத் துளை வழியாகப் பஞ்சு பறந்து வரும். குழம்பில் பஞ்சு, குழந்தை மூக்கில் பஞ்சு. புதிதாக யார் குடிவந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சட்டி சிமெண்டுக் கலவையோடு வந்து நிற்பார். துளையை அடைத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவது. எங்களுக்குக் கொண்டுவந்தவர் ஆலையில் பாய்லர் பார்த்த பாய்லர்காரர். அவர்தான் ஏணியில் ஏறி அடைத்தார், என் பெண்டாட்டி கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். ஆலை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. பஞ்சு இல்லை. துளையைத் திறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஏன்?

ஜூலை 15
மகள் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மூன்றாவது மாடி, இரண்டு ஜன்னல். கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும் என்றாள்.

ஜூலை 18
இருமலே இல்லையாம். போனில் குரல்கூட வேறு மாதிரி இருந்தது, பழைய குரல்.

ஜூலை 20
திரும்பி வந்துவிட்டாள்! பையைக்கூட இறக்கவில்லை, என் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அங்க சம்பந்தியம்மா வேற படுக்கையில கிடக்குறாங்க. இன்னும் ஒரு கட்டில் போடத்தான் இடம். நான் ஜன்னல் ஓரமா படுத்துக்கிட்டு நீங்க இங்க கிடக்குறதா?"

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இருமல் வந்துவிட்டது.

ஜூலை 23
பக்கத்து அறை வெல்டர் உளியோடு வந்தான். "தள்ளி நில்லுங்க பெரியவரே, உங்க தலையையும் சேத்து உடைச்சிரப் போறேன்" என்று கேலி பேசிக்கொண்டே தட்டினான். கலவை பாறை மாதிரி இருந்தது. பாய்லர்காரர் அப்படி அடைத்திருக்கிறார். கடைசியில் பெயர்ந்து விழுந்தது. நான் கீழே நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினேன், காற்று வரட்டும் என்று. வரவில்லை.

வெல்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். மெதுவாக வெளியே எடுத்தான்.

"என்னடா தம்பி?"

"அந்தப் பக்கமும் சுவருதான். ஆலை மூடுன பெறகு அந்த இடத்துல குடோன் கட்டுனாங்கல்ல, ஒட்டியே கட்டியிருக்கானுங்க. என் கைகூட முழுசா நுழையல."

துளை திறந்திருக்கிறது. காற்று இல்லை.

ஜூலை 24
பேச மனமில்லை.

ஜூலை 28
மகள் வீட்டுக்கே திரும்பப் போகச் சொன்னேன். நீங்களும் வந்தால் போகிறேன் என்றாள். எங்கே வருவது, மருமகன் மடியிலா உட்காருவது? கெஞ்சினேன், கேட்கவில்லை. அப்புறம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் — "உன் இருமலக் கேட்டுக் கேட்டு என் உசுரு போகுதுடி. போய்த் தொலை."

புடவைகளை மடித்தாள். வாசலில் மட்டும் நின்றாள். "நல்லா தூங்குங்க" என்றாள்.

அவளை அனுப்பத்தான் சொன்னேன். ஆனால் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 3
மழை. அறை சத்தமில்லாமல் கிடக்கிறது. தூக்கமும் இல்லை.

ஆகஸ்ட் 11
மகள் பேசினாள். "அம்மா மூணு மாடியும் தானா ஏறி எறங்குறாங்கப்பா. நேத்து எதிர்வீட்டுக்காரம்மாவோட சண்டைகூட போட்டாச்சு."

"மூச்சு வாங்கலையா?"

"ஒரே மூச்சுல திட்டுனாங்க."

போனை அம்மாவிடம் கொடு என்றேன். வாங்க மாட்டேன் என்றாளாம். சரி. கோபப்படத் தெம்பு வந்துவிட்டதே, அது போதும்.

ஆகஸ்ட் 19
எனக்கும் இரண்டு நாளாக நெஞ்சில் கரகரப்பு. நர்ஸ் வந்தாள். வரிசை வீடுகளைப் பற்றி மேலிடத்தில் பேசப் போகிறாளாம். எங்களோடு குடிவந்தவர்கள் யார் யார், எப்படிப் போனார்கள் என்று கேட்டாள்.

முதல் அறை பாய்லர்காரர், உட்கார்ந்தபடியே தூங்குவார், அப்படியே போனார். அவர் சம்சாரம், இளைப்பு. அடுத்தது வாட்ச்மேனும் அவர் தம்பியும், ஒரே மழைக்காலத்தில். சலவைக்காரர் விசில் அடிப்பது போல மூச்சு விடுவார். நாங்கள் கிண்டல் செய்வோம். சின்னவளை மார்பில் போட்டுக்கொண்டே திரிந்த நூற்புக்காரி, முதலில் சின்னவள், பிறகு அவள். கடைசி அறை பிரம்மச்சாரி, கதவை உடைத்துத்தான் எடுத்தோம்.

"இப்ப உசுரோட யாருமே இல்லையா தாத்தா?"

என்னை விட்டுவிட்டால் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவள் வாய்க்குப் பயந்து வரிசை முழுக்க அவளை மிளகாய் என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெண்டாட்டி.