குழு அறை வாசலில் எழுதிய இருபத்தேழு பெயர்கள்

அனுப்புநர்:
வெர்லின் டி. பிக்கன்ஸ்,
14-பி, ஃபெரி சாலை,
பிண்டர்ஸ் பெண்ட்,
கேல்டன் மாவட்டம்.

பெறுநர்:
மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
தேர்தல் ஆணையகம்,
மாநிலத் தலைநகர்.

பொருள்: சட்டமன்றக் குழுவின் முன் கருத்துச் சொல்லச் சென்ற 27 பேரின் பெயர்கள் மீது ஒரே நாளில் வாக்குரிமை ஆட்சேபனை எழுப்பப்பட்டது – ஏப்ரல் 1 விசாரணையை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளியின் நூலகத்தை மூடியபோது, அதற்கான சட்டம் நிறைவேறி எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் பள்ளி பற்றியும் வாக்குரிமை பற்றியும் வரும் எல்லா மசோதாக்களையும், அவற்றின் திருத்தங்களையும் வாசித்து, ஊராருக்குப் புரியும்படி ஒரே தாளில் எழுதி, தேவாலயத்திலும் முடிதிருத்தகத்திலும் சலவைக் கடையிலும் வைத்து வருகிறேன்.

2. இந்த ஆண்டு இரண்டு மசோதாக்கள் வந்தன. 218-ஆம் எண் மசோதா, நூற்றைம்பது மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளை மூடலாம் என்கிறது. 340-ஆம் எண் மசோதா, பயன்பாட்டில் உள்ள அரசுக் கட்டடத்தில் மட்டுமே வாக்குச்சாவடி இருக்கலாம் என்கிறது. வெவ்வேறு உறுப்பினர்கள் கொண்டுவந்தவை. வெவ்வேறு குழுக்களுக்குப் போனவை. எங்கள் ஊரில் உள்ள ஒரே அரசுக் கட்டடம் பள்ளிதான். அதில் படிப்பவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பள்ளி மூடினால் வாக்குச்சாவடியும் போகும். அடுத்த சாவடி ஆற்றுக்கு அக்கரையில், முப்பத்துநான்கு மைல் தொலைவில். இதைத் தாளில் எழுதினேன். முடிதிருத்தகம் நடத்தும் திரு. ரோஸ்கோ டில்லார்ட் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு கையால ஸ்கூலப் பூட்டுறாங்க, இன்னொரு கையால ஓட்டுப் பெட்டியத் தூக்குறாங்க. ரெண்டு கையும் ஒரே ஆளோடதுதான, வெர்லின்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றுதான் பதில் சொன்னேன்.

3. பிப்ரவரி 11 அன்று 218 மீதான குழு விசாரணைக்கு, தேவாலய வேனிலும் இரண்டு கார்களிலுமாக 27 பேர் தலைநகர் சென்றோம். அறை வாசலில் மேசை போட்டு ஒரு தாள் வைத்திருந்தார்கள். பெயர், விலாசம், மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று எழுதச் சொன்னார்கள். எல்லோரும் எழுதினோம். மூன்று பேருக்கு மட்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச இடம் கிடைத்தது. நானும் பேசினேன். குழுத் தலைவர் எதையும் மறுக்கவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் எழுந்தபோது, "வந்தவங்க எல்லாரும் பேரு விலாசம் சரியா எழுதிட்டீங்கல்ல? ரொம்ப நல்லது" என்றார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

4. மார்ச் 3 அன்று எங்களுக்கு மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரியான கடிதம் வந்தது. நாங்கள் பதிவு செய்த விலாசத்தில் வசிக்கவில்லை என்று வாக்காளர் ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். ஏப்ரல் 1 அன்று நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. ஆட்சேபித்தவர் ஒரே ஆள். அவரை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் கைக்கு எங்கள் பெயர்கள் எப்படிப் போயின என்பதே என் முறையீடு.

5. ஐயா, என் கதவு எண் 14-பி. வாக்காளர் அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அப்படித்தான் உள்ளது. குழு அறை வாசலில், பின்னால் ஆட்கள் நிற்கும் அவசரத்தில், 41-பி என்று மாற்றி எழுதிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் வேனில் சொல்லிச் சிரித்தோம். வாழ்நாளில் வேறெங்கும் நான் அப்படி எழுதியதில்லை. ஆட்சேபனைக் கடிதத்தில் என் விலாசம் 41-பி. ஃபெரி சாலையில் முப்பத்தாறாம் எண்ணோடு வீடுகள் முடிகின்றன, அதற்கப்பால் ஆறுதான். தபால்காரர், "இந்த நம்பர்ல தவளதான் குடியிருக்கும், மிஸ் வெர்லின். நீங்களாத்தான் இருக்கும்னு கொண்டாந்தேன்" என்று சொல்லித் தந்தார்.

மேலும், அன்று வேன் ஓட்டிவந்த செவிலியர் திருமதி ஓஃபீலியா கேரிட்டி பக்கத்து மாநிலத்தில் வசிப்பவர். அவருக்கு இங்கே வாக்கே இல்லை. மாவட்ட அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள ஆட்சேபனைப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. வாசலில் நான் வரிசையில் நான்காவதாக நின்றேன். ரோஸ்கோ எனக்குப் பின்னால். பட்டியலிலும் அப்படியே.

6. அந்த வருகைத் தாளைக் காட்டும்படி சட்டமன்றக் குழு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். விசாரணை முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம் என்று பதில் வந்தது. மாவட்ட அலுவலகத்தில் ஊழியர் ஒருவர், கண்ணாடித் தடுப்புக்கு அருகே குனிந்து, "இதோட விட்டுருங்க, மிஸ் வெர்லின். எனக்கும் ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இதனால் தீங்கு வரக்கூடாது என்பதால் பெயர் சொல்லவில்லை.

மறு வாரம் நான் பேருந்து ஓட்டும் ஒன்பதாம் எண் வழித்தடம் வேறொருவருக்குத் தரப்பட்டது. என் மீது புகார் ஏதும் உண்டா என்று கேட்டேன். "புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல. மேல இருந்து சொன்னாங்க" என்றார் மேற்பார்வையாளர்.

மார்ச் 17 அன்று தடித்த உறை ஒன்று வந்தது. மசோதாக்கள் பற்றி எழுதி ஊரில் நான் வைத்திருந்த தாளின் நாற்பது பிரதிகளும் அதற்குள் இருந்தன, ஓரம் மடங்காமல் அடுக்கி. கடிதம் இல்லை. அனுப்பியவர் பெயர் இல்லை. விலாசம் மட்டும், 41-பி.

7. அஞ்சியவர்களை நான் குறை சொல்லவில்லை. நான்கு பேர் தங்கள் பெயரைத் தாங்களே நீக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் திரு. ஆமோஸ் டாலிவர் ஐம்பது ஆண்டுகளாக ஒரு தேர்தல் விடாமல் வாக்களித்தவர். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எம் பொண்ணு ஸ்கூல் சமையக்கட்டுல வேல பாக்குறா. எனக்கு ஓட்டு வேணும்னு நின்னா அவளுக்கு வேல இருக்காதும்மா" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

8. கீழவையில் இரண்டு மசோதாக்களும் நிறைவேறிவிட்டன. மேலவையில் ஏப்ரல் 2 அன்று வாக்கெடுப்பு. 218-இல் ஒரே ஒரு காப்பு உண்டு: பள்ளியை மூடும் முன் ஊர் வாக்காளர்கள் மே மாதம் வாக்களித்து அதைத் தடுக்கலாம். எங்கள் பள்ளி பற்றிச் சென்ற முறை நடந்த வாக்கெடுப்பில் பள்ளி வென்றது பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில். இப்போது ஆட்சேபிக்கப்பட்டுள்ள உண்மையான வாக்காளர்கள் இருபத்தாறு பேர். இந்தக் கணக்கைப் போட்டது நான் மட்டும்தானா என்று தெரியவில்லை.

9. ஆகவே, ஏப்ரல் 1 விசாரணையை நிறுத்திவைக்கவும், குழு அறை வாசலில் வைத்த தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று விசாரிக்கவும், அச்சத்தால் விலகிய நால்வரின் பெயர்களை மீண்டும் சேர்க்கவும் ஆணையிட வேண்டுகிறேன்.

10. இந்த மனுவில் என் கையொப்பம் மட்டுமே உள்ளது. மற்றவர்கள் போடத் தயாராகத்தான் இருந்தார்கள். இன்னொரு தாளில் அவர்கள் பெயரை வரிசையாக எழுத எனக்குத்தான் மனம் வரவில்லை.

11. விசாரணை நிறுத்தப்படாவிட்டால், ஏப்ரல் 1 காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையோடு மாவட்ட அலுவலகத்தில் இருப்பேன். ஆற்றுப்பாலம் வழியாக, என் சொந்தக் காரில், தனியாக வருவேன். அழைக்கும்போது நான் அங்கே இல்லையென்றால், வரவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட வேண்டாம். ஏன் வரவில்லை என்று அன்றைக்கே யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே கண்டவை யாவும் நான் நேரில் அறிந்தவை என உறுதி கூறி,

(ஒப்பம்)
வெர்லின் டி. பிக்கன்ஸ்

இடம்: பிண்டர்ஸ் பெண்ட்
நாள்: மார்ச் 20

இணைப்பு: ஆட்சேபனைக் கடிதத்தின் நகல், அறிவிப்புப் பலகைப் பட்டியலின் புகைப்படம், மார்ச் 17 அன்று வந்த உறை.