மிதிப்பதை விட்ட பிறகும்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. காலையிலேயே வாய்க்குள் மண். பாமசியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு என் புருஷனின் சைக்கிள் கடை அறையை ஒழிக்கப் போனேன். அறைக்காரர் பாவம், கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார். அவருடைய மகன் அங்கே போன் கடை போடப் போகிறானாம்.

மிச்சம் கிடந்தவை: இரண்டு ஹெல்மெட், காற்றுப் பம்ப், செயினுக்குப் போடும் எண்ணெய், வெள்ளைக்காரருக்கென்று இவர் தன் கையால் கீறிய வழிப்படம். மூலையில் படங்குக்குக் கீழே அந்தச் சைக்கிள்.

வாடகைக்கு விட்ட மற்ற இரண்டும் உப்புவெளி விடுதி ஒன்றுக்குப் போய்விட்டன. இது இவர் ஓடினது. மின்சார மலைச் சைக்கிள். தடித்த டயர், பெடல் நடுவில் மோட்டர், நீளச் சட்டத்துக்குள் பற்றரி. அதற்கு மேலே தண்ணீர்ப் போத்தல் மாதிரி ஒரு சின்னத் துணைப் பற்றரி, தூரப் பயணத்துக்கு. நாங்கள் அதைப் போத்தல் என்றே சொல்வோம். பொலிஸ் கட்டின துண்டு இன்னும் ஹாண்டிலில் ஆடுகிறது.

தம்பலகாமத்துக் குளக்கட்டில் இவரை யானை அடித்துக் கொன்ற பிறகு நான் இதைத் தொட்டதில்லை. வருஷம் இன்னும் திரும்பவில்லை.

உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பின் சில்லு டிக் டிக் என்று கூடவே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. விறாந்தையில் சாத்தினேன். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் அனா அதைக் கண்டாள். பின்கதவால் சுற்றி உள்ளே போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். தலையிடி. பின்னேரம் ஈரத்துணியால் சைக்கிளைத் துடைத்தேன். சில்லில் இன்னும் குளத்துச் சேறு, காய்ந்து பொருக்காய்.

துடைக்கும்போதுதான் கண்டேன். சீற் அடிமட்டத்தில் இருக்கிறது.

இவர் நெட்டை ஆள். சமதரையில் எப்போதும் சீற்றை உயர்த்தியே ஓடுவார். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஹாண்டிலில் உள்ள சின்னத் தடியை அமத்திச் சீற்றைக் கீழே விடுவார். தம்பலகாமத்தில் பள்ளம் எங்கே? வயலும் குளமும்தான்.

பொலிஸில் யாராவது இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு என் தம்பி அன்று அங்கே எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். மருத மரத்தில் சாய்த்தபடி இருக்கிறது சைக்கிள். ஒரு கீறல் இல்லை. சீற் அதிலும் கீழேதான். இவர் கிடந்த இடம் அங்கிருந்து நல்ல தூரம்.

அன்று சனம் சொன்ன கதைகள்: "சைக்கிளைப் போட்டிட்டு ஓடியிருக்கிறார், பயத்தில." "பற்றரி செத்துப் போச்சாம்." "ஏறி மிதிச்சிருந்தால் தப்பியிருப்பார்."

போட்டுவிட்டு ஓடுகிறவர் மரத்தில் சாய்த்து வைப்பாரா? அன்றைக்கே இதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பொத்தானை அமத்தினேன். செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். திரை எழும்பியது. பற்றரி அரைக்குமேல். கடைசியாக எந்த வேகத்தில் விட்டதோ அதிலேயே எழும்பும் சைக்கிள் இது. டர்போ என்று காட்டியது, ஆகக் கூடின வேகம்.

இவர் டர்போ போடமாட்டார். "அது பற்றரியைக் குடிச்சுப் போடும்" என்று வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் சொல்லுவார். உடனே அணைத்தேன்.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து கிண்ணியாவுக்குப் பஸ். பாலத்தில் காற்று, பஸ் ஆடியது.

நிஸ்தார் வீடு. இவரும் நிஸ்தாரும் சேர்ந்துதான் கடை தொடங்கினார்கள். இவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார், நிஸ்தார் திருத்துவான். இந்தச் சைக்கிளின் பற்றரி பழுதானபோது அவன்தான் அதைத் திறந்து உள்ளே புதுச் செல் வைத்து மூடினான். அதற்குப் பிறகு இவர் போன முதல் தூரப் பயணம் அந்தக் குளக்கட்டு. வெள்ளைக்காரருக்குப் புது வழி ஒன்று பார்த்துவரத் தனியப் போனார்.

சவ அடக்கத்துக்குப் பிறகு நிஸ்தார் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. பெருநாளுக்குச் சாப்பாடு வந்தது, ஆள் வரவில்லை.

மனைவி பஸ்மிலா தேத்தண்ணி தந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "படுக்கிறாரில்ல, அக்கா. கட்டாருக்குப் போகப் போறாராம். அங்க போய்ப் பெட்டி தூக்கினாலும் காணும், இனி வயரும் பற்றரியும் வேணாம் எண்டுறார்."

நிஸ்தார் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சீற்றையும் டர்போவையும் சொன்னேன். பற்றரியைச் சோதித்துத் தரச் சொன்னேன்.

"நான் தொடமாட்டன், அக்கா."

"ஏன்?"

"நான் தொட்டதாலதானே."

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டான். வரும்போது பஸ்ஸில் இருக்க இடமில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நிஸ்தார் வந்தான்! தானாகவே. மீற்றர், கருவிப் பை எல்லாம் கொண்டு. விறாந்தையில் குந்தினான். பற்றரியைக் கழற்ற முதல் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தான்.

பிறகு வேலை. ஒவ்வொன்றாக அளந்தான். பின் சில்லைத் தூக்கிப் பிடித்து என்னைப் பெடலைச் சுற்றச் சொன்னான். மோட்டர் ம்ம்ம் என்று எழும்பியது. அந்தச் சத்தத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அனா அறைக் கதவைச் சாத்தினாள்.

பற்றரி சரி. மோட்டர் சரி. போத்தலும் சரி, அதில் கால்வாசி இன்னும் இருக்கிறது.

"பாத்தீங்களே, நிஸ்தார். நிண்டு போகேல்லை."

"இண்டைக்கு ஓடுது அக்கா. அண்டைக்கு ஒரு நிமிசம் நிண்டிருந்தா? ஒரு நிமிசம் காணுமே."

அவன் போனபிறகு சீற்றில் ஏறிப் பார்த்தேன். எனக்குக் கால் எட்டுகிறது. என் உயரத்து ஆளுக்கு அளவான சீற்.

என் உயரம். பொம்பிளை உயரம்.

ஜூலை 13, ஞாயிறு

முதற் பூசை. அனாவைத் தம்பி வீட்டில் விட்டேன். வேலையிடத்தில் ஒரு அலுவல் என்று பொய். சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டி வீதியில் போனேன்.

பயந்துதான் ஏறினேன். பெடலில் கொஞ்சம் அழுத்தினால் போதும், பின்னால் யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. மிதிப்பதை விட்ட பிறகும் உடனே நிற்கவில்லை. ஒரு கணம் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். விசரி.

குளக்கட்டு. காய்ந்த யானைப் பிண்டம், கொக்குகள். நல்ல வெளிச்சம். எதிரே ஒரு உழவு இயந்திரம் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. இவர் கிடந்த இடத்தில் நிற்க ஏலவில்லை. தள்ளிப் போய் மருத மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேரில் இருந்தேன்.

வயல் பக்கத்தால் ஒரு பெண் தலையில் புல்லுக் கட்டோடு ஏறி வந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் என்னைக் காணவில்லை. சைக்கிளைக் கண்டாள். புல்லுக் கட்டு விழுந்தது. "ஐயோ முருகா" என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது. கிட்டப் போய்க் கேட்டேன்.

"இதை ஓடினனீங்களோ?"

"நீங்கள் ஆர்?"

"நான் அவற்ற மனுசி."

வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றேன்.

பெயர் வசந்தி. புருஷன் வெளிநாட்டில். மாமி வீட்டில் இருக்கிறாள். அன்று பொழுது படுகிற நேரம் கிளிவெட்டியில் தாயைப் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸால் இறங்கி, சந்தியில் விட்டிருந்த தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். குளக்கட்டில் செயின் கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்டு நின்றபோது பற்றைக்குள்ளால் யானை.

"சத்தம் போட ஏலேல்லை. கால் அசையேல்லை. அந்த நேரம் அவர் வந்தவர். சத்தமில்லாத சைக்கிள்தானே, வந்ததே தெரியேல்லை. குதிச்சு இறங்கிச் சீற்றை அமத்தினார், என்னவோ பொத்தான் தட்டினார். 'ஏறு தங்கச்சி, மிதிச்சால் காணும், அது இழுக்கும்' எண்டார்."

"ரெண்டு பேரும் ஏறியிருக்கலாமே?"

"பின்னால இருக்கக் கரியர் இல்லையே, அக்கா."

ஓம். கரியர் இல்லை. இந்தச் சாதிச் சைக்கிளுக்குக் கரியர் வைப்பதில்லை.

"'நீங்கள்?' எண்டு கேட்டன். 'நான் வாய்க்காலுக்குள்ள இறங்குவன், நீ போ' எண்டார். மிதிச்சன். பறந்தது. ஆரோ பின்னால பிடிச்சுத் தள்ளுற மாதிரி. அவர்தான் தள்ளுறார் எண்டு நினைச்சுத் திரும்பினன். அவர் தூரத்தில நிண்டார். கையை விரிச்சுக்கொண்டு, யானையைத் தன்ர பக்கம் கூப்பிடுற மாதிரி."

பிறகு அவள் பார்க்கவில்லையாம். சத்தம் மட்டும் கேட்டதாம். எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை.

இந்த மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவளுடைய சைக்கிள் வாய்க்காலில் நாணலுக்குள் விழுந்து கிடந்ததாம். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

"ஏன் சொல்லேல்லை? பொலிசுக்கு வேண்டாம். எனக்கு?"

"பொழுதுபட்ட நேரம் தெரியாத ஆம்பிளையோட குளக்கட்டில நிண்டனான் எண்டு கதை கட்டுவினம், அக்கா. மாமி என்ர மனுசனுக்குப் போன் பண்ணுவா. என்ர ரெண்டு பிள்ளையளையும் பறிச்சுப் போடுவினம். உங்களைக் கும்பிடுறன், ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

காலைத் தொடக் குனிந்தாள். விலகினேன். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. நம்பர் கேட்டாள், கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது.

திரும்பும்போது மோட்டரை அணைத்துவிட்டு மிதித்தேன். இரும்பு மாதிரிப் பாரம். எதிர்க்காற்று வேறு. சீனக்குடா வரை அப்படியே வந்தேன். யாரும் என்னைத் தள்ள வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

கால் முழுக்க நோ. பாமசியில் ஒருவருக்கு மருந்து மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், நல்லகாலம் கண்டுகொண்டேன்.

கோபம். அவளில் இல்லை என்று எழுதினால் பொய். அவள் உயிரோடு புல்லு வெட்டுகிறாள். ஆனால் கூடக் கோபம் இவரில்தான். எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அந்த நேரம் ஒருக்கால் நினைத்தாரா? நினைத்துவிட்டுத்தான் இறங்கினாரா? எதுவென்றால் எனக்குப் பரவாயில்லை என்றும் தெரியவில்லை.

இதுவரை பயந்து ஓடினவரின் மனைவியாக இருந்தேன். அது லேசாக இருந்தது போல.

விறாந்தைப் பக்கம் போகவில்லை. அனா மாதிரி நானும் பின்கதவு.

ஜூலை 16, புதன்

நிஸ்தாரின் கட்டார் விசா வந்துவிட்டது என்று பஸ்மிலா போன். "நீங்க ஒருக்கா வந்து கதைங்க அக்கா."

வழி முழுக்க யோசனை. வசந்திக்குச் சத்தியம் பண்ணவில்லை. ஆனாலும்.

நிஸ்தார் முற்றத்தில் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நிஸ்தார், பற்றரி நிக்கேல்லை. ஒரு நிமிசமும் நிக்கேல்லை. கடைசி மட்டும் ஓடினது. பறந்தது."

"எப்படித் தெரியும்?"

"கண்ட ஆள் சொன்னது."

"ஆரு?"

நான் பெட்டிப் பூட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். சீற் உயரம் அவனுக்கும் தெரியும்தானே. விளங்கினதோ, விளங்காததோ, ஆள் ஆரென்று பிறகு கேட்கவில்லை.

"அப்ப அவர் ஏன் அதில ஏறேல்ல?"

"ஏற வேண்டிய ஆளை ஏத்திப்போட்டார். நீங்கள் செய்த பற்றரி அந்த ஆளைக் கொண்டுபோய்ச் சேத்தது."

நிஸ்தார் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான். பஸ்மிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டாருக்குப் போகிறானா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். மீன் ஆணமும் சோறும். நன்றாகச் சாப்பிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

ஜூலை 19, சனி

காற்று விட்டுவிட்டது. உடுப்புத் தோய்த்தேன். வாங்க வேண்டியவை: அரிசி, சவர்க்காரம், அனாவின் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குச் சித்திரக் கொப்பி.

பின்னேரம் போன். தெரியாத நம்பர். எடுத்தால் மூச்சு மட்டும். பிறகு, "அக்கா, வசந்தி."

கோயிலில் இவருக்கு மோட்ச விளக்கு வைக்கப் போகிறாளாம். மாமி கேட்டால் தன் தகப்பனுக்கு என்று சொல்லுவாளாம்.

"பேரும் நட்சத்திரமும் கேப்பினம், அக்கா."

"நாங்கள் வேதக்காரர். நட்சத்திரம் பாக்கிறேல்லை."

"பேர் எண்டாலும் காணும். டெனிஸ் எண்டு ஆக்கள் சொன்னவை. அதைச் சொல்லட்டோ?"

யோசித்தேன். டெனிஸ் ஞானஸ்நானப் பெயர். வீட்டில் அந்தப் பெயரால் கூப்பிட்டால் இவர் திரும்பியும் பார்க்கமாட்டார். தாய் வைத்த பெயர் வேறு. தாய்க்குப் பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். இவர் போனபிறகு அது என் வாயில் வரவே இல்லை.

"சீலன்," என்றேன்.

"கேக்கேல்லை, அக்கா. லைன் இரையுது."

"சீலன்."

"என்ன?"

பலத்துக் கூப்பிட்டேன். "சீலன்! சீலன்!"

குசினிக்குள் இருந்து அனா கரண்டியோடு ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள்.

"வந்திட்டாரோ?" என்றாள்.